வலியைப் பொறுத்துக்கொள்வது விதியல்ல



"இனிமே ஒண்ணும் செய்ய முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு, வீட்டோட வெச்சுப் பாத்துக்க வேண்டியதுதான்." புற்றுநோய் முற்றிய வீடுகளில் இந்தப் பேச்சைக் கேட்காத டிரஸ்ஸர் இருக்க முடியாது. நோயைக் குணப்படுத்த முடியாது என்பது ஒன்று. நோயாளிக்கு ஒன்றுமே செய்ய முடியாது என்பது வேறு. இரண்டையும் நாம் ஒன்றாக நினைப்பதால்தான் நோயாளி ராத்திரியெல்லாம் முனகுகிறார்; வீட்டார் தலைவிதி என்று உட்கார்ந்திருக்கிறார்கள்.

வலியையும் மூச்சுத் திணறலையும் தணிக்கத் தனி வைத்தியம் உண்டு. 'ரவாத்தான் பாலியாத்திஃப்' வேண்டும் என்று அரசாங்க ஆஸ்பத்திரியில் வாய்விட்டுக் கேளுங்கள். சாகும் தறுவாயில் கேட்பதல்ல, நோய் தெரிந்தவுடனேயே கேட்கலாம். சுகாதார அமைச்சும் இதற்காக 2019 முதல் 2030 வரைக்கும் ஒரு தேசியத் திட்டம் வகுத்திருக்கிறது.

மார்ஃபின் என்றால் பலருக்குப் பயம். "அது அபினாச்சே, குடுத்தா சீக்கிரம் போயிடுவாங்க" என்கிறார்கள். டாக்டர் அளவு பார்த்துக் கொடுக்கும் மார்ஃபின் ஆளைக் கொல்லாது. வலிக்காகச் சாப்பிடுகிறவர் அதற்கு அடிமையாவது அரிது. உலகச் சுகாதார நிறுவனம் 1986-லேயே சொல்லிவிட்டது: வலி வரட்டும் என்று காத்திருக்காமல் மணி பார்த்துக் கொடுக்க வேண்டும். மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து கேட்டு வாங்குங்கள். நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள்.

இன்னொரு நோய், மோட்டார் நியூரோன். கை கால் சதை சூம்பும், பேச்சு குழறும், விழுங்குவது கஷ்டமாகும். செய்வினை என்று அலைந்து காலத்தை வீணாக்காதீர்கள். கை கால் மூட்டுகளைத் தினமும் அசைத்துவிடுங்கள். நிமிர்த்தி உட்கார வைத்துக் கெட்டியான கஞ்சியைக் கொஞ்சங் கொஞ்சமாகக் கொடுங்கள். படுத்தே கிடப்பவரை இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிவிட்டால் படுக்கைப் புண் வருவது குறையும். மூச்சுக்கு உதவும் மெஷினும் உண்டு. பெரும்பாலோருக்குப் புத்தி தெளிவாகவே இருக்கும். எதிரிலேயே "இவரு அவ்வளவுதான்" என்று பேசாதீர்கள். விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு 1963-ல் 21 வயதில் இந்த நோய் என்று தெரிந்தது. 2018 வரை வாழ்ந்தார். எல்லாருக்கும் அத்தனை வருஷம் கிடைக்காதுதான். கிடைக்கிற நாளாவது நல்ல நாளாக இருக்க வேண்டாமா?

லயத்து வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் பக்கத்து வீட்டுக் கஞ்சி தானாக வந்துவிடும். இன்று பேராக்கில் பல ரப்பர் தோட்டங்கள் செம்பனையாகவும் தாமானாகவும் மாறிவிட்டன. பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள். கட்டிலில் கிடப்பவரோடு ஒரு கிழவியம்மா தனியாக மல்லாடுகிறார். போன அந்த ஒத்தாசையை நாம்தான் மறுபடி உண்டாக்க வேண்டும்.

முடியும் என்பதற்குக் கேரளாவே சாட்சி. 1993-ல் டாக்டர் எம். ஆர். ராஜகோபாலும் கூட்டாளிகளும் கோழிக்கோட்டில் வலி தணிப்புச் சங்கம் தொடங்கினார்கள். பிறகு மலப்புரம் போன்ற மாவட்டங்களில் ஊர்க்காரர்களே குழு சேர்ந்து, படுத்துக் கிடப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கத் தொடங்கினார்கள். எல்லாரும் டாக்டரா? இல்லை, மாணவரும் வீட்டுப் பெண்களும்தான். நம் ஈப்போவிலும் பேராக் பாலியேட்டிவ் கேர் சொசைட்டி இருக்கிறது. அதன் நர்சுகள் நோயாளியின் வீட்டுக்கே போய்ப் பணம் வாங்காமல் பார்க்கிறார்கள். ஆனால் எத்தனை தோட்டத்துக்குத்தான் அவர்கள் ஓடுவார்கள்?

ஆகவே ஒவ்வொரு சங்கக் கிளையும் நான்கு பேரைத் தேர்ந்தெடுக்கட்டும். படுத்திருப்பவர் யார் யார் என்று எழுதி வைக்கட்டும். கிளினிக்குக்கு வண்டி ஏற்பாடு, சொக்சோவில் 'பென்சன் இலாட்' மனு, வாரம் ஒரு பொழுது அந்தக் கிழவியம்மா கண்ணயர ஒரு மாற்று ஆள் - இந்த மூன்றையும் அவர்கள் செய்தாலே போதும். சம்பளத்துக்காக ஒன்றுகூடிப் போராடியவர்கள் நாம். படுத்துக் கிடக்கும் தோழனுக்காகவும் கூடுவோம்.