தமிழ் வகுப்பும் நாட்டுக் காவலும்

'நாட்டைக் காப்பது படைவீரர் கடமை. நற்றமிழ் கற்பிப்பது நம் கடமை' என்று சொல்லி ஒதுங்கி நிற்போர் நம்மிடையே உளர். ஆசிரியர் அறைகளிலும் இலக்கியக் கூட்டங்களிலும் இவ்வுரையைப் பலமுறை கேட்டிருக்கிறேன். கேட்பதற்கு அடக்கமான பேச்சாகத் தோன்றினும், உண்மையில் இது பொறுப்பைத் தட்டிக் கழிக்கும் பேச்சேயாகும். ஒரு பகை அரசு நம்மீது கண் வைக்குமானால், துறைமுகத்தையும் விமானத்தளத்தையும் நெருங்குவதற்கு முன்பே நம் மக்களின் மனத்தை நெருங்கிவிடும். மனத்திற்கு வாயில் மொழி. அவ்வாயிலில் நிற்கும் காவலர் மொழியாசிரியர். இதனை மறுப்போர் நம் சொந்த வரலாற்றை மறந்தோர் ஆவர்.

1942ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. நகருக்குச் 'சியோனான்' என்று பெயர் மாற்றிய ஜப்பானியர், எல்லா இனத்தாரையும் ஒரே வகையாக நடத்தினாரல்லர். சீனரை வரிசையில் நிறுத்திச் சலித்தெடுத்து ஆயிரக்கணக்கானோரைக் கொன்று குவித்தனர். இந்தியரையும் மலாய்க்காரரையும் பார்த்து 'ஆசியா ஆசியருக்கே' என்று இனிக்க இனிக்கப் பேசினர். ஓர் இனத்தை வெட்டினர். மற்றோர் இனத்தைத் தட்டிக் கொடுத்தனர். தட்டிக் கொடுக்கப்பட்டவர்க்கு என்ன நேர்ந்தது?

சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீளத்திற்கு இரயில்பாதை அமைக்கும் பணியை 1942இல் அவர்கள் தொடங்கினர். போர்க் கைதிகள் போதவில்லை. மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களை நோக்கி அவர்கள் பார்வை திரும்பியது. நல்ல கூலி, உணவு, உறைவிடம், மருத்துவ வசதி, சில மாதங்களே வேலை என்றெல்லாம் உறுதி கூறப்பட்டது. தமிழ் ஒன்றே அறிந்த தோட்டத்து மக்களின் செவிகளுக்கு அவ்வுறுதிமொழி தமிழில்தான் வந்து சேர்ந்தது. சென்றவர்கள் திரும்பவில்லை என்பது தெரிந்து மக்கள் தயங்கியபோது, இனிப்புப் பேச்சு ஓய்ந்து கட்டாய ஆள்பிடிப்புத் தொடங்கியது. வாந்திபேதியும் மலேரியாவும் பட்டினியும் சேர்ந்து, பல்லாயிரக்கணக்கான தமிழரை அக்காடுகளிலேயே புதைத்துவிட்டன. ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்' என்னும் நாவல் அத்துயரத்தை நமக்கு நினைவுபடுத்திக்கொண்டே இருக்கிறது.

நம்பிச் சென்ற அம்மக்களைக் குறை கூற நமக்கு உரிமை இல்லை. தோட்டங்களில் வேலை ஒழிந்துபோன காலம் அது, வீட்டில் பசி. வந்த செய்தி மெய்யா பொய்யா என்று கேட்டறிய வேறொரு வாயில் அவர்களுக்கு இல்லை. இங்கு நாம் உணர வேண்டியது மற்றொன்றும் உண்டு. பகை அரசு வெறும் பொய்யை மட்டும் கருவியாகக் கொள்வதில்லை. நம் நெஞ்சில் இருக்கும் மெய்யான ஏக்கத்தையே கருவியாக்கிக்கொள்ளும். 1943இல் நேதாஜி சிங்கப்பூர் வந்தபோது தமிழர் காட்டிய விடுதலை ஆர்வம் தூயது, அதில் ஐயமில்லை. அந்த ஆர்வத்தைப் போற்றுவதாகச் சொன்ன அதே ஆட்சிதான், அதே ஆண்டில், தமிழ்த் தொழிலாளரைக் காட்டுக்கு ஏற்றி அனுப்பியது. தாய்நாட்டுப் பற்று, சமயப் பற்று, மொழிப் பற்று ஆகிய யாவும் நல்லவையே. நல்லவையாக இருப்பதனாலேயே பகைவன் அவற்றைத் தேடி வருகிறான்.

போர் முடிந்த பின்னரும் இப்பாடம் முடியவில்லை. 1963 முதல் 1966 வரை இந்தோனேசியா நடத்திய 'மோதல்' கொள்கையின்போது சிங்கப்பூரில் குண்டுகள் வெடித்தன. 1965 மார்ச் 10ஆம் நாள் ஆர்ச்சர்ட் சாலையில் மெக்டோனல்ட் ஹவுஸ் கட்டடத்தில் வெடித்த குண்டு மூவரின் உயிரைக் குடித்தது. முப்பதுக்கும் மேற்பட்டோரைக் காயப்படுத்தியது. இடையில் 1964இல் நிகழ்ந்த இரண்டு இனக்கலவரங்களில் 36 பேர் மாண்டனர். அக்கலவரங்களுக்கு உள்நாட்டுக் காரணங்கள் பல இருந்தன. எனினும், வாயிலில் பகைவன் காத்திருக்கும் வேளையில் வீட்டுக்குள் உடன்பிறந்தார் அடித்துக்கொள்வாராயின், பயன் அடைபவன் யார்?

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தே 1984ஆம் ஆண்டில் முழுமைத் தற்காப்பு என்னும் கொள்கை இந்நாட்டில் வகுக்கப்பட்டது. இராணுவம், குடிமை, பொருளியல், சமூகம், உளவியல் என ஐந்து தூண்கள் அதற்கு நாட்டப்பட்டன. 2019இல் மின்னிலக்கத் தற்காப்பு ஆறாவது தூணாயிற்று. ஆறில் ஒன்றுக்குத்தான் துப்பாக்கி வேண்டும். ஏனைய ஐந்தும் வீட்டிலும் கடையிலும் பள்ளியிலும் அண்டை அயலிலும் நடைபெற வேண்டியவை. அவற்றை யார் செய்வது?

ஆறாவது தூண் ஏன் வேண்டியதாயிற்று என்பதை 2018ஆம் ஆண்டு நமக்கு உணர்த்திற்று. சிங்ஹெல்த் கணினிகளுக்குள் புகுந்தவர்கள் 15 இலட்சம் நோயாளிகளின் விவரங்களைத் திருடிச் சென்றனர். அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் மருந்து விவரங்களைக் குறிவைத்து மீண்டும் மீண்டும் தேடினர். இது சில்லறைத் திருடர் வேலையன்று. அரசு ஒன்றோடு தொடர்புடைய தேர்ந்த குழுவினரின் வேலைக்கு உரிய அடையாளங்கள் அதில் இருந்தன. 2019இல் வெளியான விசாரணைக் குழுவின் அறிக்கை மற்றோர் உண்மையையும் எடுத்துரைத்தது: பணியாளர் சிலர் ஐயத்திற்குரிய அறிகுறிகளைக் கண்டும், உரியவரிடம் உரிய நேரத்தில் தெரிவிக்கத் தவறினர். கருவி இருந்தது; கண்ணும் இருந்தது; கண்டதைச் சொல்லும் பழக்கம் இல்லை. பின்னர் 2024 அக்டோபரில், உள்நாட்டுத் தளங்களைப் போல வேடமிட்டு வெளிநாட்டார் நடத்திய பத்து இணையத்தளங்களை அதிகாரிகள் முடக்கினர். பகைவன் இன்று சீருடை அணிந்து வருவதில்லை. நம் ஊர்ப் பெயரைச் சூட்டிக்கொண்டு, நம் பேச்சைப் பேசிக்கொண்டு, நம் கைத்தொலைபேசிக்குள்ளேயே வருகிறான்.

'இதற்கும் தமிழ் வகுப்புக்கும் என்ன தொடர்பு?' என்பீர்கள். அன்பு கூர்ந்து உங்கள் திருக்குறளை எடுத்துப் புரட்டுங்கள். பொருட்பாலில் 'ஒற்றாடல்' என்றோர் அதிகாரம் உண்டு. தேர்வுக்கு வராது என்று நம்மில் பலர் தாண்டிச் செல்லும் அதிகாரம் அது. ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்கிறார் வள்ளுவர். ஒற்றர் ஒருவரை ஒருவர் அறியாதிருக்க வேண்டும் என்றும், அவ்வாறு இயங்கும் மூவர் சொல்லும் ஒத்திருந்தால்தான் செய்தியை நம்பலாம் என்றும் வரையறுக்கிறார்.

இதன் நுட்பத்தைச் சற்றே சிந்தியுங்கள். மூவர் சொன்னால் போதும் என்று அவர் விட்டுவிடவில்லை. ஒருவரை ஒருவர் அறியாத மூவர் சொல்ல வேண்டும் என்கிறார். இன்று நம் வீடுகளில் நடப்பது என்ன? வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வருகிறது. மாமா அனுப்புகிறார், சித்தி அனுப்புகிறார், கோயில் குழுவில் வருகிறது, பழைய மாணவர் குழுவிலும் வருகிறது. 'பத்துப் பேர் சொல்லிவிட்டார்கள், பொய்யாக இருக்குமா?' என்கிறோம். பத்துப் பேர் சொல்லவில்லை, ஐயா! ஒருவன் சொன்னதைப் பத்துப் பேர் கை மாற்றினார்கள். வள்ளுவர் கணக்கில் அது ஓர் ஒற்றன் சொல்லே. இந்த ஒரு வேறுபாட்டை நம் மாணவன் தெளிந்துகொண்டால், எத்தனை படை திரண்டு வந்தாலும் அவன் மனத்தைப் பிடிக்க இயலாது. அறிவுடைமை அதிகாரத்தின் தொடக்கத்தில், அறிவைப் பகைவர் உட்புகுந்து அழிக்க இயலாத கோட்டை என்று வள்ளுவர் கூறியிருப்பதன் பொருளும் அப்போது விளங்கும்.

இனி, மறுப்புரைகளுக்கு வருவோம். 'சட்டங்கள் இருக்கின்றனவே' என்பர் சிலர். இருக்கின்றன. இணையப் பொய்ம்மைகளுக்கு எதிரான சட்டம் 2019இலும், வெளிநாட்டுத் தலையீட்டிற்கு எதிரான சட்டம் 2021இலும் நாடாளுமன்றத்தில் நிறைவேறின. ஆனால் சட்டம் வருவது பொய் பரவிய பிறகு. பொய்யைப் பெற்றவன் அதனை அடுத்தவனுக்கு அனுப்ப விரல் நீட்டும் அந்த ஒரு நொடியில் அவனருகே சட்டம் இல்லை. அவன் கற்ற கல்வி மட்டுமே இருக்கிறது.

'பாதுகாப்பு, பாதுகாப்பு என்று சொல்லிச் சொல்லியே மக்கள் வாயை அடைத்துவிடுவார்கள்' என்பர் வேறு சிலர். அந்த அச்சத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன். குறை கூறுவோனைப் பகைவன் என்று முத்திரை குத்தும் சமுதாயம் உண்மையில் வலுவிழந்த சமுதாயம். கேள்வி கேட்க அஞ்சும் மாணவன், பொய்யனிடமும் கேள்வி கேட்கமாட்டான். ஆகவே நான் வேண்டுவது அடங்கிப் போகும் மாணவனை அன்று, 'யார் சொன்னது? எப்போது? எதற்காக? வேறு யார் சொன்னார்?' என்று யாரிடத்தும் கேட்கத் துணிந்த மாணவனையே.

மூன்றாவதாக ஒரு பேராபத்து உண்டு. பகை அரசைப் பற்றிப் பேசத் தொடங்கியவர்கள், அந்நாட்டோடு இனத்தால் தொடர்புடைய அண்டை வீட்டாரைச் சந்தேகிக்கத் தொடங்குவார்கள். இன்று அவரைப் பார்த்து எழும் ஐயம் நாளை நம்மைப் பார்த்தும் எழும். நாமும் கடல் கடந்து வந்தவர்களின் வழித்தோன்றல்களே. நமக்கும் கடலுக்கு அப்பால் உறவும் உணர்வும் உண்டு. அண்டை வீட்டாரை ஐயுறச் செய்வதே பகைவனின் நோக்கம். அதை நாமே செய்து கொடுத்துவிட்டால் அவனுக்கு வேலை மிச்சம். வள்ளுவர் 'உட்பகை'க்குத் தனி அதிகாரம் வகுத்தது வீணுக்கன்று.

ஆசிரியப் பெருமக்களே! புதிய பாடத்திட்டம் எதுவும் வேண்டுவதில்லை. வாரத்தில் ஒரு பொழுது, தமிழில் சுற்றிவரும் செய்தி ஒன்றை வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். அதில் எது செய்தி, எது கருத்து, எது தூண்டுதல் என்று மாணவரைப் பிரித்தெடுக்கச் சொல்லுங்கள். எழுதியவர் பெயரும் பொறுப்பேற்கும் நிறுவனமும் உண்டா என்று தேடச் சொல்லுங்கள். 1935 முதல் வெளிவரும் தமிழ் முரசு போன்ற பெயரும் முகவரியும் உடைய நாளேட்டில் அச்செய்தி வந்துள்ளதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒற்றாடலையும் உட்பகையையும் தேர்வுக்கு வராவிடினும் கற்பியுங்கள்.

மாணவச் செல்வங்களே! ஆண்டுதோறும் பிப்ரவரி 15ஆம் நாள் மாலை 6.20 மணிக்கு, சிங்கப்பூர் சரணடைந்த நேரத்தை நினைவூட்டி, அபாயச் சங்கு ஒலிக்கிறது. அதன் காரணத்தைப் பள்ளியில் ஆங்கிலத்தில் கேட்டறிகிறீர்கள். அன்று மாலை வீட்டில், 'ஏனப்பா இந்தச் சங்கு ஊதுகிறது?' என்று பாட்டி கேட்டால், தமிழில் எடுத்துரைக்க உங்களால் இயலுமா? இயலாதென்றால், காவலின் ஒரு வாயில் உங்கள் வீட்டிலேயே திறந்து கிடக்கிறது என்று பொருள். பாட்டிக்குத் தமிழில் மெய்யுரைக்க நீங்கள் இல்லாதபோது, தமிழில் பொய்யுரைக்க வேறொருவன் வந்து சேருவான். அன்று தோட்டத்திற்கு வந்தவனும் தமிழில் பேசித்தான் அழைத்துச் சென்றான்.

அன்று அம்மக்களுக்குக் கேட்டறிய வாயில் இல்லை. இன்று நமக்குப் பள்ளி உண்டு, ஏடு உண்டு, ஆட்சிமொழிகளுள் ஒன்றாக அமர்ந்திருக்கும் தமிழும் உண்டு. இத்தனையும் இருந்தும் ஏமாறுவோமாயின், அப்பழி தோட்டத்து மக்களைச் சாராது, நம்மையே சாரும். அடுத்த முறை அச்சங்கொலி கேட்கும்போது தொலைக்காட்சியின் ஓசையைச் சற்றுக் குறையுங்கள். பாட்டியின் அருகே அமருங்கள். தமிழில் சொல்லுங்கள்.