வாங்குமுன் கணக்குப் போடுவோம்



சென்ற வருடம் நான் ரூ.1,200 கொடுத்து ஒரு டி.வி. ட்யூனர் கார்டு வாங்கினேன். செகண்ட் ஹேண்ட் கடைக்காரர் "சூப்பரா ஓடும் தம்பி" என்றார். ஓடவில்லை. அது பழைய அனலாக் கார்டு. தூர்தர்ஷனோ அனலாக் தரைவழி ஒளிபரப்பை மிகச் சில இடங்கள் தவிர 2022-க்குள் நிறுத்திவிட்டது. அப்புறம் அந்தக் கார்டு காற்றில் எதைப் பிடிக்கும்? அந்தப் பணம் என் அம்மா நூல் மில்லில் உழைத்துக் கொடுத்தது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவன் நான். "படிக்கிற பிள்ளை, பார்த்துத்தான் வாங்கியிருப்பான்" என்று அம்மா நம்பினார்கள். நான் பார்க்கவில்லை என்பதுதான் உண்மை.

அம்மாவுக்கு அரை நைட் ஷிப்ட். சாயங்காலம் டி.டி. தமிழில் வருவது எதையும் பார்க்க முடியாது. அதைப் பதிவு செய்து வைக்கத்தான் இந்த முயற்சி. "யூடியூப்ல பார்த்துக்க வேண்டியதுதானே" என்பார்கள். வீட்டில் இருப்பது ஒரே போன், அதில் டேட்டா என் படிப்புக்கே பத்தவில்லை.

லினக்ஸ் இலவசம். பதிவு செய்ய உதவும் மித்டிவி, டிவிஹெட்எண்ட் போன்ற மென்பொருள்களும் இலவசம். ஆகவே செலவெல்லாம் ஹார்டுவேரில்தான், தப்பு நடப்பதும் அங்கேதான். நம் பசங்களிடம் யோசனை கேட்டால் உடனே "பெரிய பிராசஸர் போடுடா" என்கிறார்கள். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அனலாக் காலத்தில் வந்த படத்தை நம் கம்ப்யூட்டரே சுருக்க வேண்டியிருந்தது, அதனால் பிராசஸருக்கு வேலை இருந்தது. இன்று டி.டி. ஃப்ரீ டிஷ் போன்ற ஒளிபரப்பு சுருக்கப்பட்டேதான் வருகிறது. வந்ததை அப்படியே ஹார்டு டிஸ்க்கில் எழுதினால் போதும். பத்து வருடப் பழைய கம்ப்யூட்டருக்கும் அது தூசு.

ஒரு சாதாரண சேனல் வினாடிக்கு 3 மெகாபிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 8-ஆல் வகுத்து 3,600-ஆல் பெருக்கினால் ஒரு மணி நேரத்துக்கு 1.35 ஜிகாபைட். 500 ஜிகாபைட் டிஸ்க்கில் சுமார் 370 மணி நேரம் கொள்ளும். அம்மா ஒரு வருடம் உட்கார்ந்து பார்க்கலாம்! இரண்டு சேனல் வேண்டுமென்றால் இரண்டு ட்யூனர் என்பதும் எப்போதும் சரியல்ல. ஒரே டிரான்ஸ்பாண்டரில் பல சேனல்கள் சேர்ந்து வருகின்றன. நமக்கு வேண்டியவை அதே டிரான்ஸ்பாண்டரில் இருந்தால் ஒரு ட்யூனரே போதும். முதலில் சேனல் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போக வேண்டும்.

யூ.எஸ்.பி. ட்யூனர் வாங்குகிறவர்கள் அடாப்டரைக் கவனியுங்கள். டிஷ்ஷில் உள்ள எல்.என்.பி.-க்கு 13 அல்லது 18 வோல்ட் கொடுக்க வேண்டும். யூ.எஸ்.பி. 2.0 போர்ட் தருவது 5 வோல்ட், 500 மில்லி ஆம்பியர், அதாவது இரண்டரை வாட். எல்.என்.பி. 18 வோல்ட்டில் 150 மில்லி ஆம்பியர் இழுத்தால் அதுவே 2.7 வாட். ட்யூனருக்கு மிச்சம் என்ன இருக்கும்? தனி அடாப்டர் இல்லாத பெட்டியை விலை மலிவு என்று தூக்கி வராதீர்கள். முதல் செமஸ்டர் கணக்குதான் இது, ஆனால் கடையில் நிற்கும்போது எவனுக்கும் ஞாபகம் வருவதில்லை. எனக்கும்தான்.

இதையெல்லாம்விடப் பெரிய விஷயம் கரண்ட். பழைய கம்ப்யூட்டர் சும்மா இருந்தாலே 60 வாட் என்று வையுங்கள். இரவு பகலாக ஓடினால் ஒரு நாளைக்கு 1.44 யூனிட். இரண்டு மாதத்துக்கு 86 யூனிட்! வீட்டுக்கு இலவசமாகக் கிடைப்பதே 100 யூனிட்தான். ஃபேன், லைட், மிக்ஸி எல்லாம் எங்கே போகும்? மென்பொருள் இலவசம் என்று சொல்லிவிட்டு அம்மா கையில் கரண்ட் பில்லைக் கொடுப்பதா? நிகழ்ச்சி நேரத்துக்கு மட்டும் தானாக விழித்துக்கொள்ளும்படி மதர்போர்டை வைக்கலாம், லினக்ஸில் அதற்கு ஆர்டிசிவேக் என்ற கட்டளையே உண்டு. தினம் 4 மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 14.4 யூனிட்டில் முடியும். வாங்கும் பழைய மெஷின் அப்படி விழிக்கிறதா என்று கடையிலேயே சோதித்துவிடுங்கள்.

கடைசி வருடத்தில் ரெடிமேட் ப்ராஜெக்ட் கிட்டை விலைக்கு வாங்கி, பெயர் மட்டும் மாற்றி வைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. மேற்சொன்ன கணக்கைப் போட்டு, இப்படி ஒரு பெட்டியைக் கட்டி, மீட்டர் ரீடிங்கோடு கொண்டுவருகிறவனுக்கு அதைவிட அதிக மார்க் தர வேண்டும் என்பது என் கருத்து. ஆசிரியர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

என் நோட்டில் இப்போது நாலு பக்கக் கணக்கு இருக்கிறது, கையில் புதிதாக ஒரு சாமானும் இல்லை. இரண்டு அவுட்புட் உள்ள எல்.என்.பி. ஒன்று முதலில் வேண்டும். வீட்டு டி.வி. பாக்ஸுக்கு ஒரு ஒயர், கம்ப்யூட்டருக்கு ஒரு ஒயர். இரண்டாவது ஒயரை மொட்டை மாடியிலிருந்து இறக்க ஹவுஸ் ஓனர் அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். "தீபாவளி கழியட்டும் பார்க்கலாம்" என்றிருக்கிறார்கள்.