நில் ரிட்டர்ன்

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு எழுந்திருக்கிற ஆசாமி இல்லை நான். அப்படி எழுந்தால், ஒன்று ரயிலைப் பிடிக்க வேண்டும். அல்லது ரயிலில் வரும் மாமனாரைக் கூட்டி வர வேண்டும். ஆனால் மூன்று வருஷமாக மார்கழி பிறந்தால் தானாகவே விழிப்பு வந்துவிடுகிறது. காரணம், ஆபீஸில் பக்கத்து ஸீட் நண்பர். "சும்மா வாய்யா, பள்ளிக்கரணையில பறவை பார்க்கலாம்" என்றார். நானும் சும்மாதான் போனேன், பளீர் சிவப்பு டி-ஷர்ட்டில்!

"தம்பி கட்சி மாநாட்டுக்கா கிளம்பினீங்க?" என்றார் அங்கிருந்த பெரியவர். பாங்க்கில் ரிடையரானவர். பறவை எண்ணுகிற கோஷ்டிக்கு அவர்தான் ஆடிட்டர்.

பைனாகுலரில் முதல் பத்து நிமிஷம் என் சொந்தக் கண் இமையைத்தான் பார்த்தேன். பிறகு ஒரு வழியாகத் தெரிந்தது. ஒரு பக்கம் பெருங்குடி குப்பை மலை, இன்னொரு பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள், நடுவில் முழங்கால் தண்ணீரில் பூநாரைகள். அதற்கப்பால் ஊசிவால் வாத்து, தட்டைவாயன்... எல்லாம் குளிர்கால விருந்தாளிகள்.

பெரியவர் காட்டியதோ கரையோரம் சேற்றைக் கிளறிக்கொண்டிருந்த ஒரு சின்னப் பறவையை. உள்ளான். சைபீரியா, வட ஐரோப்பா பக்கத்துச் சதுப்புகளில் குஞ்சு பொரித்துவிட்டு, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து இங்கே வருகிற வகை. எடை சுமார் 70 கிராம். டி.ஏ., டி.டி.ஏ. எதுவும் கிடையாது! இந்த உள்ளான் குடும்பத்தில் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இன்னும் சிலர் உண்டு. முதுகில் பொறி இருக்கா, பறக்கும்போது இறக்கையின் அடிப்பக்கம் கறுப்பா என்று பார்த்துத்தான் யார் என்று சொல்ல முடியும். எனக்கு இன்றைக்கும் பாதி நேரம் தப்புதான்.

முடிந்ததும் டீக்கடையில் கூடி, அவரவர் பார்த்ததை வாசிப்பார்கள். என் முறை வந்தது. வெறும் காக்கா, கொக்கு என்று எப்படி வாசிப்பது? இமயமலையைத் தாண்டி வருகிற வரித்தலை வாத்து பற்றி முந்தின நாள்தான் படித்திருந்தேன். "வரித்தலை வாத்து, இரண்டு" என்று அடித்து விட்டேன்.

டீ கிளாஸ்கள் அப்படியே நின்றன.

"தலையில எத்தனை வரி தம்பி?"

"மூணு ஸார்..."

"ரெண்டு. நீங்க என்ன படிச்சீங்க?"

"பி.காம்."

"வவுச்சர் இல்லாம செலவு எழுதுவீங்களா? அடிச்சிடுங்க. பார்க்காததை எழுதாதீங்க. பார்த்ததை விடாதீங்க, காக்கா உள்பட."

காது மடல் சூடாகிவிட்டது. அடித்தேன்.

அவர் சொன்னதன் அர்த்தம் அப்புறம்தான் புரிந்தது. இந்தக் கணக்கெல்லாம் போய்ச் சேருவது 'ஈபேர்டு' என்கிற பேரேட்டில். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவை ஆய்வகம் 2002-ல் ஆரம்பித்தது. கடைசியில் ஒரு கேள்வி வரும்: அடையாளம் தெரிந்த எல்லாப் பறவையையும் எழுதிவிட்டீர்களா? 'ஆமாம்' என்று சொன்னால், பட்டியலில் இல்லாத பறவை அன்றைக்கு அங்கே கண்ணில் படவில்லை என்று அதுவும் கணக்கில் ஏறும். அதாவது, நில் ரிட்டர்ன்! 2015-லிருந்து நடக்கிற பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும் இதே முறைதான். பொங்கல் நாட்களில் குறைந்தது 15 நிமிஷம் ஒதுக்கினால் போதும். மொட்டை மாடி கூடத் தாராளம். கையில் கரும்பு இருந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

பள்ளிக்கரணையைப் பார்த்துக்கொள்ள ஊரே இருக்கிறது. 2022-ல் ராம்சார் பட்டியலில் 1,247 ஹெக்டேர் சேர்ந்துவிட்டது. எங்கள் தெருக் கோடியில் ஒரு குட்டை உண்டு. அது எந்தப் பட்டியலிலும் இல்லை. சரி, நாம் பார்ப்போம் என்று ஞாயிறு தவறாமல் போனேன். முதல் வருஷ டைரியில் இருக்கிறது: உள்ளான் 14, வாலாட்டி 6. இரண்டாம் வருஷம் உள்ளான் 9, வாலாட்டி 4. போன வருஷம் வந்த இடத்துக்கே திரும்பி வருகிற வழக்கம் நிறைய வலசைப் பறவைகளுக்கு உண்டு என்று பெரியவர் சொல்லியிருந்தார். இந்தத் தடவையும் வரும் என்று நம்பித்தான் போனேன்.

குட்டையைக் காணோம்! லாரி லாரியாகச் செம்மண். நடுவில் மஞ்சள் கல் நட்டிருந்தார்கள். கால் மணி நேரம் நின்றேன். காக்கா 11, மைனா 4.

"மனை பார்க்க வந்தீங்களா ஸார்?" என்றார் வாட்ச்மேன்.

"இல்லீங்க. பறவை."

ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "போன வாரம் ஒண்ணு வந்துச்சு ஸார். வாலை வாலை ஆட்டும். மண்ணு மேலேயே சுத்திச் சுத்திப் பார்த்துட்டுப் போயிடுச்சு."

போனை எடுத்து 'வாலாட்டி' என்று டைப் செய்தேன். எண்ணிக்கை 1 என்றும் போட்டுவிட்டேன். பார்த்தது நானில்லையே! வவுச்சர் இல்லை. மனசே இல்லாமல் அழித்தேன்.

காக்கா 11, மைனா 4. 'எல்லாப் பறவையையும் எழுதிவிட்டீர்களா?' என்று கேட்டது.

'ஆமாம்' என்று தட்டிவிட்டு, பள்ளிக்கரணை டீக்கடைக்கு வண்டியைத் திருப்பினேன்.