தேரையின்மேல் சுமத்திய பழி

தியானப் பகுதி: யோவான் 9:1-7



தஞ்சைக் கழனிகளை ஒட்டிய நம் வீடுகளில் அடிக்கடி தென்படும் ஒரு விருந்தாளியை நீங்கள் அறிவீர்கள். மெலிந்த உடலும் பெரிய கண்களும் உடைய மரத்தவளை அது. தேரை என்றே பலரும் அழைக்கிறோம். விரல் நுனியிலுள்ள வட்டத் திட்டுகளால் வழுவழுப்பான சுவரிலும் ஏறும். வாயால் நீர் பருகாது, தோலினாலேயே உறிஞ்சிக்கொள்ளும். ஆகவேதான் கோடையில் ஈரம் தேடிக் குளியலறைக்குள் வருகிறது. விளக்கொளியை நாடும் பூச்சிகள் அதன் இரவு உணவு. மழைக்காலத்தில் தண்ணீருக்கு மேலே நுரைக்கூடு கட்டி முட்டையிடும். தலைப்பிரட்டைகள் கீழே நீரில் விழுந்து வளரும்.

இச்சிற்றுயிரின்மேல் நாம் சுமத்தியுள்ள பழிகளோ பெரியவை. தேங்காய்க்குள் பருப்பு இல்லையென்றால் 'தேரை மோந்தது' என்கிறோம். குழந்தை மெலிந்து தோல் சுருங்கினால் 'தேரை விழுந்த பிள்ளை' என்கிறோம். காய் ஒல்லியாவதற்கு மகரந்தச் சேர்க்கைக் குறைவும் சத்துக் குறைவும் காரணங்கள். குழந்தை மெலிவதற்கு உணவுக் குறைவு, ஓயாத வயிற்றுப்போக்கு, காசநோய் போன்ற தொற்றுகள் காரணங்கள். தேரைக்கு இவற்றில் பங்கில்லை.

இதை வெறும் அறியாமை என்று கடந்துபோக இயலாது. பழியைத் தவளையின்மேல் போட்டவுடன் காரணத்தைத் தேடுவது நின்றுவிடுகிறது. மருத்துவரிடம் செல்லவேண்டிய நாட்கள் மந்திரித்துக் கயிறு கட்டுவதில் கழிகின்றன. சூலுற்ற காலத்தில் எச்சரிக்கையாக இருந்தாயா என்று பழி தாயின்மேலும் திரும்புகிறது.

பிறவிக்குருடனைக் கண்ட சீஷர்கள், இது யாருடைய பாவம் என்று கேட்டார்கள். ஆண்டவர் அவனையும் அவன் பெற்றோரையும் அந்தப் பழியிலிருந்து விடுவித்தார். பின்பு சேறு உண்டாக்கி, அவன் கண்களில் பூசி, சீலோவாம் குளத்துக்கு அனுப்பினார். துன்பத்தின் முன் நம் வேலையும் அதுவே: குற்றவாளியைத் தேடுவதை விட்டு, உதவிக்குக் கை நீட்டுவது.

எகிப்தில் தவளைகள் வாதையாக வந்தனவே என்று சிலர் கேட்கலாம். அங்கும் குற்றம் பார்வோனின் கடின இருதயத்தில் இருந்தது, தவளைகளிடத்தில் அல்ல.

எனவே, குழந்தை மெலிந்தால் அங்கன்வாடியில் எடை பாருங்கள். தாமதமின்றி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுசெல்லுங்கள். வீட்டுக்குள் வந்த தேரையின்மேல் உப்பைத் தூவாதீர்கள். அதன் ஈரத்தோலுக்கு அது கொடிய வேதனை. நனைந்த கையால் மெல்லப் பிடித்துத் தோட்டத்தில் விட்டுவிடுங்கள்.

ஜெபம்: சிருஷ்டிகரே, பேசமாட்டாத உயிர்மேலும், பேச இடமற்ற தாயின்மேலும் பழி சுமத்தாத இருதயத்தை எங்களுக்குத் தாரும். நலிந்த குழந்தைகளுக்கு உதவ எங்கள் கால்களை விரைவாக்கும். ஆமென்.