நிரல் பொதுவுடைமை, பெயர் யாருடைமை?

கட்டற்ற மென்பொருள் பணியில் ஈடுபடும் இளந்தோழர்கள், தாம் எழுதிய நிரலை எந்த உரிமத்தின்கீழ் வெளியிடுவது என்று நாள்கணக்கில் விவாதிக்கிறார்கள். அதற்கு இடவேண்டிய பெயரையோ கடைசி அரைமணி நேரத்தில் முடிவு செய்துவிடுகிறார்கள். இது சிறு பிழையன்று. நிரல் பதிப்புரிமைச் சட்டத்துக்கு உட்பட்டது. பெயர் வணிகக்குறிச் சட்டத்துக்கு உட்பட்டது. முன்னதில் வென்ற விடுதலை பின்னதில் தானாக வந்து சேர்வதில்லை.

ஓப்பன் ஆபீஸ் கதை இதற்குச் சான்று. சன் நிறுவனத்தை ஆரக்கிள் 2010ஆம் ஆண்டு விழுங்கியபோது, அதில் உழைத்த தன்னார்வலர்கள் பலர் வெளியேறித் தனி அறக்கட்டளை கண்டனர். நிரலை உரிமையோடு எடுத்துச்சென்றனர். பெயரை எடுத்துச்செல்ல இயலவில்லை. அது ஆரக்கிளின் சொத்து. பத்தாண்டு உழைப்பில் மக்களிடம் ஈட்டிய நற்பெயரைக் கைவிட்டு, லிப்ரே ஆபீஸ் என்று புதிதாகத் தொடங்க வேண்டியதாயிற்று.

மொசில்லா உலாவியின் பாடம் வேறு. 2002இல் அதன் பெயர் ஃபீனிக்ஸ். அப்பெயரில் வேறொரு கணினி நிறுவனம் இருந்தது. 2003இல் ஃபயர்பேர்டு என்று மாற்றினர். அதுவோ ஏற்கெனவே ஒரு கட்டற்ற தரவுத்தள மென்பொருளின் பெயர். அத்திட்டத்தினர் எதிர்ப்புத் தெரிவிக்கவே, 2004இல் ஃபயர்பாக்ஸ் ஆயிற்று. பெயரைத் தேடிப் பாராத அவசரம், பெருநிறுவனத்தோடு மட்டுமன்று, சக உழைப்பாளரோடும் மோதவைக்கும்.

எத்தகைய பெயர் நிலைக்கும்? நம் இலக்கணத்தார் பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பிரித்தனர். இந்திய வணிகக்குறிச் சட்டம், 1999 ஏறத்தாழ இதே பிரிவினையில்தான் நிற்கிறது. பொருளின் தன்மையையே சொல்லும் பெயருக்குப் பதிவு எளிதில் கிடைக்காது. கணக்கு மென்பொருளுக்குக் ‘கணக்கு’ என்று பெயரிட்டால் அது எவருக்கும் உரியதாகாது. தொடர்பற்ற சொல்லோ புனைந்த சொல்லோ வலுவானது. எழுத்து வேறாயினும் ஒலி ஒத்திருந்தால் சிக்கலே. ஆகவே பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். வணிகக்குறிப் பதிவகத்தின் இணையத் தேடலில், மென்பொருளுக்குரிய 9ஆம் வகுப்பிலும் மென்பொருள் சேவைக்குரிய 42ஆம் வகுப்பிலும் துழாவ வேண்டும். இத்தேடலுக்குக் கட்டணம் இல்லை. பதிவேட்டில் இல்லையென்பதும் போதாது. பதியாமலே முன்பிருந்து பயன்படுத்துவோருக்கும் சட்டம் உரிமை தருகிறது; ஆதலால் நிரல் களஞ்சியங்களிலும் தேடுவது அவசியம்.

‘சொல்லுக்கு உடைமை கோருவது நம் கொள்கைக்கு ஏற்குமா?’ என்று தோழர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் நாம் ஒதுங்கி நின்றால் பெயர் பொதுவாக இருந்துவிடாது. முதலில் பதிபவன் கைக்குப் போகும். லினக்ஸ் உருவாக்கத்தில் பங்கில்லாத ஒருவர் 1994இல் அமெரிக்காவில் அப்பெயரைப் பதிய விண்ணப்பித்தார், பதிவும் பெற்றார், பின்னர் நிறுவனங்களிடம் உரிமத்தொகை கேட்டார். எதிர்த்து வழக்காடிய பிறகே 1997இல் அது லினஸ் டோர்வால்ட்ஸிடம் வந்தது.

கேள்வி, பெயரை உடைமையாக்குவதா என்பதன்று. யார் கையில் வைப்பது என்பதே. தனியொருவர் பெயரிலோ, புரவலராக வரும் நிறுவனத்தின் பெயரிலோ அதைப் பதியக்கூடாது. பதிவு பெற்ற சங்கமோ அறக்கட்டளையோ அதன் உரிமையாளராக இருக்கட்டும். முதல் வரி நிரல் வெளியாகும் முன்பே இம்முடிவை எடுத்துக் கூட்டக் குறிப்பேட்டில் பதிவு செய்யுங்கள். கூட்டுழைப்பின் விளைவைப் போலவே அதன் பெயரும் கூட்டின் கையில் இருக்கவேண்டும்.