நுரை தள்ளிய சவாரி

பிரான்ஸில் லுவார் என்று ஒரு நதி. அதை ஒட்டிச் சைக்கிளில் போவதற்கென்றே சுமார் 900 கிலோமீட்டருக்குப் பாதை போட்டிருக்கிறார்கள். மழையானாலும் ஆசாமிகள் தனியாகக் கிளம்பிவிடுகிறார்கள். பொழுது சாய்ந்தால் பல ஊர்களில் நகரசபையே நடத்தும் மைதானம் உண்டு. சொற்பக் காசு கொடுத்துக் கூடாரம் அடித்து, ஈர சாக்ஸைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு ரொட்டி தின்னலாம். இதுகூடத் தேவலை. 'பாரீஸ்-பிரெஸ்ட்-பாரீஸ்' என்று ஒன்று, 1891-ல் பந்தயமாக ஆரம்பித்தது. இப்போது பந்தயமும் இல்லை, பரிசும் இல்லை. ஆனாலும் 1,200 கிலோமீட்டரை 90 மணி நேரத்துக்குள் மிதிக்கிறார்கள். 2007-ல் கொட்டின மழையில் ஏகப்பட்ட பேர் பாதியிலேயே இறங்கிவிட்டார்கள்.

நமக்கு லுவார் இல்லாவிட்டால் என்ன, தென்பெண்ணை இருக்கிறதே! நந்தி மலைப் பக்கம் பிறந்து, பெங்களூரின் ஓரமாக வந்து, எங்கள் பாகலூருக்குப் பக்கத்தில் கொடியாளத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. ஐப்பசி ஞாயிறு ஒன்றில், கேரியரில் தார்ப்பாயும் கட்டுச்சோறுமாகக் கெலவரப்பள்ளி அணைக்குக் கிளம்பினேன்.

மழை பிடித்துக்கொண்டது. டீக்கடையில் ஒதுங்கினேன். ஒருவர் தெலுங்கில் "எக்கடிக்கண்ணா?" என்றார். இன்னொருவர் கன்னடத்தில் "எல்லிகெ?" என்றார். மூன்றாமவர் தமிழில், "ஏன் சார், வண்டி இல்லியா?" மோட்டார் சைக்கிள் செய்து ஊருக்கெல்லாம் அனுப்புகிற ஓசூர்ப் பக்கத்தில், சைக்கிளில் நனைகிறவனைப் பார்த்தால் மூன்று மொழியிலும் பரிதாபம்தான்.

ஆற்றோரமாகத் தார்ப்பாயைப் பிரித்தேன். குடையோடு ஒரு பெரியவர் வந்தார்.

"சர்வேயா சார்? நிலம் எடுக்கப் போறாங்களா?"

"இல்லீங்க பெரியவரே. சும்மா ராத்திரி தங்கலாம்னு..."

"சும்மாவா? வீட்ல சண்டையா?"

தொழிற்பேட்டை வளர்கிற ஊரில், தெரியாத முகம் ஒன்று வயலோரம் நின்றால் முதலில் வருவது நிலத்தைப் பற்றிய பயம். அப்புறம்தான் குடும்ப விசாரணை.

"இங்கே படுக்க முடியாது சார், நாத்தம்" என்று ஆற்றைக் காட்டினார். வெள்ளை வெளேரென்று நுரை. பெங்களூரின் கழிவுநீரும் ஆலைக் கழிவும் சோப்புத் தண்ணீரும் சேர்ந்து வருகின்றன. மழையில் வரத்து கூடி, மதகிலிருந்து விழுந்து கடைந்தால் மலை மலையாகப் பொங்குகிறது. இந்தத் தண்ணீரில்தான் விவசாயமும் நடக்கிறது. "வேற தண்ணி எங்க சார் இருக்கு?" என்றார் பெரியவர். பதில் சொல்லத் தெரியவில்லை.

பாலத்தின் மேல் பைக்கில் பறக்கிறவருக்கு ஆறு ஒரு நிமிஷம்கூடத் தெரியாது. சைக்கிள் வேகத்தில் மட்டும்தான் மூக்கும் கூடவே வருகிறது. லுவார்க் கரை மாதிரி இங்கேயும் ஒரு பாதை போட்டு, தினம் நூறு பேர் மிதித்தால், நூறு பேர் கேள்வி கேட்பார்கள். பாதை போடாததற்குக் காரணம் அதுவோ என்னவோ!

அடுத்த ஐப்பசிக்குக் கிருஷ்ணகிரி அணை வரை போவதாக உத்தேசம். தார்ப்பாய் தயார். மூக்குக்குத்தான் ஏதாவது ஏற்பாடு செய்ய வேண்டும்.