தரையைப் பிளப்பது யார்?



அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்துக் கரிசல் காட்டைக் கோடையில் பார்த்திருக்கிறீர்களா? தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். கை நுழையும் அளவுக்குக்கூடப் பிளவு இருக்கும். (கையை விட்டுப் பார்க்காதீர்கள், தேளும் பாம்பும் ஒதுங்கும் இடம் அது!) ஐப்பசி மழை நன்றாகப் பெய்ததும் அந்தப் பிளவுகள் தாமாகவே மூடிக்கொள்ளும்.

இந்த வேலையைச் செய்வது யார் தெரியுமா? கண்ணுக்குத் தெரியாத நீர் மூலக்கூறுகள்தான்!

கரிசலில் உள்ள ஒரு வகைக் களிமண், புத்தகத் தாள்களைப் போல அடுக்கடுக்கானது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால், ஏறத்தாழ ஒரு கூறுதான் ஒரு தாளின் கனம். நீர் மூலக்கூறுகளோ ஒரு நொடிகூடச் சும்மா இருப்பதில்லை, ஓடிக்கொண்டே இருக்கும். மழை பெய்தால் தாள்களுக்கு இடையே புகுந்து அவற்றை விலக்கும். ஒரு தாள் விலகுவது மிகச் சொற்பம். கோடானுகோடி தாள்கள் சேர்ந்து விலகும்போது தரையே உப்பிவிடுகிறது. கோடையில் வெப்பம் ஏற ஏற மூலக்கூறுகளின் ஓட்டமும் கூடும். அவை ஆவியாகி வெளியேறும். தாள்கள் நெருங்கும், மண் சுருங்கும், தரை வெடிக்கும்.

ஆழமில்லாத அஸ்திவாரத்தில் கட்டிய வீட்டையே இந்த மண் மழையில் தூக்கும், கோடையில் இறக்கும். கடன் வாங்கிக் கட்டிய வீட்டில் விரிசல் விழுந்தால் மனம் பதறாதா? 'கொத்தனார் சரியில்லை', 'மனை ராசியில்லை' என்று பேச்சு எழும். ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் காரணத்தைத் தேடினார்கள். மழையும் வெயிலும் எட்டாத ஆழத்துக்கு, சுமார் 3.5 மீட்டர் துளையிட்டு, அடியில் குடம்போல அகலமாக்கி, கான்கிரீட் தூண் நிறுத்தும் முறையை வளர்த்தெடுத்தார்கள். மேல்மண் உப்பினாலும் சுருங்கினாலும் அந்தத் தூண் வீட்டைத் தாங்கி நிற்கும்.

மூலக்கூறுகளை வேலை வாங்கவும் மனிதன் கற்றுவிட்டான். நெதர்லாந்தின் பெரிங்கா குழுவினர், ஒளி பட்டால் சுழலும் மூலக்கூறுகளைக் கொண்டு, அவற்றைவிட 10,000 மடங்கு பெரிய கண்ணாடித் துண்டைச் சுழற்றிக் காட்டினார்கள். 2016-ம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசைப் பெற்ற மூவரில் பெரிங்காவும் ஒருவர்.

நீங்களும் ஒரு சோதனை செய்யலாம். கரிசல் மண்ணிலும் மணல் கலந்த செம்மண்ணிலும் நீர் விட்டுப் பிசைந்து, 10 செ.மீ. நீளத்தில் ஆளுக்கொரு பட்டை செய்யுங்கள். நன்றாகக் காய்ந்ததும் அளந்து பாருங்கள். எது அதிகம் சுருங்கியது என்று நோட்டில் குறித்து வையுங்கள்.

நாளை யாராவது சுவர் விரிசலுக்கு ராசியைக் குறை சொன்னால், அந்த நோட்டைக் காட்டுங்கள். முதலில் மண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள்!